இடமிருந்து மூன்றாவது

10 ஜூலை 1988, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தோம். வாலென்டி வழக்கம்போல சிலுவை போடுவதற்கு முன்பே ரொட்டியைக் கடித்துவிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "போலா, ஆண்டவருக்கு என் பசி தெரியும், உனக்குத்தான் தெரியல" என்று வாய் நிறைய வைத்துக்கொண்டே பதில். கன்னியர் மடத்தில் வளர்ந்த மனிதர். அவர்களாலேயே திருத்த முடியாததை நான் எங்கே திருத்துவது?

மதியத்திலிருந்து சமையலறை மேசை அவருடைய படைமுகாம். விரல் உயரத்தில் ஏழு பொம்மை வீரர்கள். கம்பியால் எலும்பு, பிசினால் சதை. செப்டம்பர் ஒன்றாம் தேதி, போர் தொடங்கிய நாளன்று, கலாசார மன்றத்தில் கண்காட்சி. தலைக்கவசத்துக்குச் சொரசொரப்பான பூச்சு வேண்டுமாம், 1939 போரில் தக்கைத் தூளைப் பெயின்டில் கலந்துதான் பூசினார்களாம். ஊறுகாய் ஜாடியின் தக்கையைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். ஊறுகாயை எதைக் கொண்டு மூடுவது?

13 ஜூலை

பொத்தான் என் பொறுப்பு. தீர்ந்துபோன பற்பசைக் குழாயை வெட்டி விரித்து, முனை தேய்த்த ஊசியால் குத்தி எடுக்கிறேன். மேலங்கி ஒன்றுக்கு ஆறு. இரண்டு மேலங்கி முடிந்தது. கண் எரிகிறது.

15 ஜூலை, வெள்ளி

இன்று ஒன்றைக் கண்டுவிட்டேன். முதலிலிருந்து எழுதினால் தெளியும் என்று எழுதுகிறேன்.

வாலென்டி தன் அப்பாவைப் பார்த்ததே இல்லை. முப்பத்தொன்பது செப்டம்பரில் ப்சுரா ஆற்றங்கரைச் சண்டையில் அந்த அப்பா ஃபெலிக்ஸ் செத்தார், டிசம்பரில் இவர் பிறந்தார். இரண்டு வயதில் அம்மாவும் போய்விட்டாள். வீடு எரிந்ததில் படங்களெல்லாம் போயின. மிஞ்சியது அப்பா அம்மாவுக்கு எழுதிய ஒரு கடிதம். 'இதோடு படம் அனுப்புகிறேன். வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம், படத்தில் இடமிருந்து மூன்றாவது நான். கவசத்தில் உனக்கே அடையாளம் தெரியாது. இன்று சூடான ரொட்டி கொடுத்தார்கள்.' அந்தப் படமும் இல்லை.

அறுபத்தொன்றில் குட்னோவில் ஒரு விதவையிடம் அதே படத்தின் நெகட்டிவ் கிடைத்தது. அவள் புருஷனும் அந்த வண்டியில் இருந்தவராம், கடைசி ஆள். இவர் அதை இரவல் வாங்கி, தொழிற்சாலைப் புகைப்பட அறையில் தன் கையாலேயே பெரிதாக்கி, நெகட்டிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் படம்தான் நம் வீட்டுச் சுவரில், செஸ்டோஹோவா மாதாவுக்குக் கீழே. மூன்றாவது ஆள் நிமிர்ந்து, உதடு மூடி, நேரே பார்ப்பார். பிசினில் அந்த முகத்தை மட்டும் ஒன்பது முறை செய்தார். மற்ற ஆறு முகத்துக்கும் ஆளுக்கு ஒரு நாள்.

இன்று மூன்றாமவருக்குக் கழுத்துப் பொத்தான் போட்டிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பார்க்கப் படத்தை இறக்கினேன். பார்த்தால், மேலங்கியின் வலப்பக்கத் துணி மேலே வந்து மூடியிருக்கிறது. பெண்பிள்ளைகள் கோட்டில் இருப்பதைப் போல. ஒருவருக்கு அல்ல, ஏழு பேருக்கும்! நான் பொம்மைகளில் தப்பாக ஒட்டிவிட்டேனோ என்றுதான் முதலில் பயந்தேன். ஆணியில் தொங்கிய அவர் மழைக்கோட்டையும் என் கோட்டையும் எடுத்துப் பார்த்தேன். பொம்மை சரி. படம்தான் தப்பு.

வண்டிப் பலகை இடுப்புக்குக் கீழே மறைத்துவிடுகிறது. இடமா வலமா என்று காட்டிக்கொடுக்கும் துப்பாக்கி, கத்தி, மண்வெட்டி, நச்சுவாயு முகமூடிப் பை எதுவும் தெரியாது. அதையெல்லாம் அவர் பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தார், படத்திலிருந்து முகம் மட்டும். பொத்தானைப் பார்க்கவில்லை. எந்த ஆண் பார்ப்பான்?

படத்தைக் கண்ணாடி முன்னால் பிடித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது.

நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சடித்திருக்கிறார். அப்படியென்றால் மூன்றாவது ஆள் ஐந்தாவது. ஐந்தாவது ஆள் மூன்றாவது.

ஐயோ, அந்த ஐந்தாவது ஆள்.

16 ஜூலை

தூக்கமில்லை. பீட்ரூட் சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

ஐந்தாவது ஆள் தின்றுகொண்டிருக்கிறார். கவசம் ஒருபக்கம் சரிந்து, கன்னம் புடைத்து, கையில் ரொட்டித் துண்டு. படம் எடுக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. கல்யாணமாகி நான் வந்த முதல் நாளே வாலென்டி படத்தைக் காட்டி, "இவரு எங்கப்பா, அதோ அவன் தீனிப்பண்டாரம்" என்றார். அதிலிருந்து வீட்டில் அந்த ஆளுக்கு அதுதான் பெயர். பொம்மை செய்யும்போது ரொட்டியை எடுத்துவிட்டு வாயை மூடிவிட்டார். போலந்து வீரன் தின்றுகொண்டிருப்பதைக் கண்காட்சியில் வைத்தால் படைக்கு அவமானமாம்.

சொல்வதா? சொல்லி என்ன ஆகப்போகிறது? நாற்பத்தெட்டு வயதில் ஒருவரிடமிருந்து அப்பாவைப் பிடுங்குவதா? சொல்லாமல் விட்டால் ஊர் முன்னால் வேறொருவரை அப்பா என்று காட்டுவார், சொந்த அப்பாவைத் தீனிப்பண்டாரம் என்று சாகும் வரை கூப்பிடுவார்.

நானும்தான் அந்த மூன்றாவது முகத்தைப் பார்த்து இருபத்திரண்டு வருடமாக ஃபெலிக்ஸின் ஆத்துமாவுக்காகச் செபமாலை சொல்லியிருக்கிறேன். அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

24 ஜூலை

பொம்மை மாடல் செய்வோர் சங்கத் தலைவர் தியோஃபில் வந்தார். கண்காட்சியில் நடு மேசை நமக்குத்தானாம். மூன்றாவது பொம்மையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மூக்கப் பாரும்மா போலா, அச்சு அசல் நம்ம வாலெக். ரத்தம் பேசுது" என்றார். வாலென்டிக்கு முகமெல்லாம் சிவந்து போயிற்று. நான் கேக் வெட்டும் சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஒரு மூக்கும் இல்லை, ஒரு ரத்தமும் இல்லை. சொன்னால் எல்லோருக்கும் எல்லாமும் தெரிகிறது.

5 ஆகஸ்ட்

நாற்பத்திரண்டு பொத்தானும் முடிந்தது. இனி மேசையில் எனக்கு வேலையில்லை. அதுதான் மோசம். கை சும்மா இருந்தால் மனம் ஓடுகிறது.

13 ஆகஸ்ட், சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழுக்கதையும் சொன்னேன், பொத்தானிலிருந்து. பங்குச்சாமி ஒருமுறை பெருமூச்சு விட்டார். பொய் சொன்னாயா என்றார். இல்லை சாமி, அவர் கேட்கவே இல்லை என்றேன். "பின்னாடி இருபது பேர் நிக்கிறாங்கம்மா. கேக்கிற வரைக்கும் காத்திருக்கிறதா உத்தேசம்?" பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

15 ஆகஸ்ட், மாதா விண்ணேற்புத் திருநாள்

மூலிகைக் கொத்தைக் கோயிலுக்கு மந்திரிக்கக் கொண்டுபோய் வந்து, அதை மாதா படத்துக்கு மேல் செருகினேன். கை அப்படியே கீழே இருந்த படத்தை இறக்கிவிட்டது. சவரக் கண்ணாடியோடு அவர் முன்னால் வைத்தேன். வாலெக், இந்தக் கோட்டுகளைப் பாரு என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகம் வெளுத்தது. அப்புறம்தான் கோபம்.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

ஒரு மாசமா.

"ஒரு மாசம். பக்கத்துல உக்காந்து பொத்தான் ஒட்டிக்கிட்டே." படத்தைக் கவிழ்த்து வைத்தார். "பொத்தானை வச்சு எங்கப்பன மாத்துறியா நீ? இருபது வருஷம் எனக்கு ஒருத்தரும் இல்ல போலா. இந்த ஒரு முகம்தான் இருந்துச்சு."

 படத்தை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினேன்.

16 ஆகஸ்ட்

பேசவில்லை.

17 ஆகஸ்ட்

பேசவில்லை. சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

20 ஆகஸ்ட், சனி

சந்தையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கூடத்துக் கதவு பாதி திறந்திருந்தது. அலமாரிக் கண்ணாடி முன்னால் வாலென்டி நிற்கிறார். தலையில் என் வெண்கலச் சட்டி, ஒருபக்கமாகச் சாய்த்து. கையில் ரொட்டித் துண்டு. கன்னம் புடைக்க மென்றுகொண்டு, கண்ணாடியையும் இன்னொரு கையில் பிடித்த படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். மெல்லுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

நான் கூடையோடு பின்வாங்கி மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நெடுநேரம். கூடைக்குள் பால் கெட்டிருக்கும், கெடட்டும்.

21 ஆகஸ்ட்

காலையில் கடிதத்தைக் கொண்டுவந்து சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். விரலால் ஒரு வரியைக் காட்டினார். இன்று சூடான ரொட்டி கொடுத்தார்கள். "இத மனப்பாடமாவே தெரியும் எனக்கு. ஒரு தடவகூடப் படிக்கல" என்றார். ஆறு நாளுக்கப்புறம் அவர் பேசிய முதல் பேச்சு.

27 ஆகஸ்ட்

ஐந்தாவது பொம்மையின் முகத்தைச் சீவி எடுத்துவிட்டார். ஒன்பது முறை செய்வாரோ என்று நினைத்தேன். ஒரே முறை. அரை நாளில் முடிந்தது. கை தேடவே இல்லை.

அப்புறம் என்னிடம், புதிதாகச் சுட்ட ரொட்டியில் கொஞ்சம் கொடு, ஓரத்துப் பகுதியாக என்றார். கம்பு ரொட்டியின் தோலில் எள்ளளவு கிள்ளி, அரக்குப் பூசி, பொம்மையின் கையில் வைத்தார். படைக்கு அவமானமில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

1 செப்டம்பர், வியாழன்

நடு மேசை. நினைவுச் சைரன் ஊதியதும் எல்லோரும் எழுந்து நின்றோம், பிறகு கூட்டம் சுற்றிக்கொண்டது. வண்டி, ஏழு பேர், தக்கைத் தூள் சொரசொரக்கும் கவசங்கள். தியோஃபில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். வரிசை மாறியிருக்கே, படத்துல இப்படி இல்லையே, உங்கப்பாவ எங்க கொண்டு வச்சே என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

என் விரல்கள் பைக்குள் செபமாலையைத் தேடின.

"படம் திரும்பியிருந்துச்சு" என்றார் வாலென்டி. "நான்தான் திருப்பிப் போட்டேன், இருபத்தேழு வருஷம் முன்னாடி. கண்டுபிடிச்சது இவ." பிறகு இடமிருந்து மூன்றாவது ஆளைக் காட்டினார். "எங்கப்பா அதோ. சாப்பிட்டுட்டிருக்கார்."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தியோஃபில் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உறைக்குள் போட்டுக்கொண்டார்.

1 நவம்பர், சகல புனிதர் திருநாள்

மழை இல்லை. நல்லவேளை. ப்சுரா ஓரம் படைவீரர் கல்லறைக்குப் போனோம். எப்போதும் ஒரு விளக்கு எடுத்துப் போவேன், இந்த வருடம் இரண்டு. ஒன்று ஃபெலிக்ஸுக்கு. இன்னொன்று யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, அவரே வாங்கி முதலில் அதைத்தான் ஏற்றினார். நிமிர்ந்து உட்கார்ந்த அந்த மனிதருக்கு. இருபத்தேழு வருடம் மகனாக இருந்துவிட்டுப் பெயர்கூடத் தெரியாமல் விட முடியுமா? குட்னோவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார், அந்த விதவை உயிரோடு இருந்தால் சொல்வாள்.

வாசலில் வளைய ரொட்டி விற்றார்கள். ஒரு சரம் வாங்கி வந்தார். நான் செபம் தொடங்கக் கையை நெற்றிக்குக் கொண்டுபோவதற்குள் கடித்துவிட்டார். கன்னம் புடைத்தது. தொப்பி ஒருபக்கம் சரிந்திருந்தது. திட்டு வரப்போகிறது என்று மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

நான் தொப்பியை நிமிர்த்தப் போன கையை எடுத்துக்கொண்டேன். அவர் விழுங்கி முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு செபத்தைத் தொடங்கினேன்.