திருப்பிக் கேட்டாள்

வியாழக்கிழமை, இரவு

வீட்டில் அடி, மிரட்டல் உண்டா என்று பெண்களிடம் எப்படிக் கேட்பது என்பதைச் சமூகப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று கே.கே. நகர் கிளினிக்கில், என்னிடம் பயிற்சி பெறும் ஸ்டெல்லாவின் முறை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பேரையூரிலிருந்து வந்த பெண்ணுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். கணவர் வெளியே இருந்தார்.

"வீட்ல யாருக்காவது பயந்து இருக்க வேண்டியிருக்காக்கா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல. ஒங்க வீட்ல எப்படி?"

இதற்கு என் பாடத்தில் பதில் இல்லை. சொந்தக் கதை பேசக்கூடாது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க வீட்ல இல்லக்கா. எங்க அக்கா வீட்ல இருந்துச்சு. ரொம்ப நாள் எங்ககிட்டயே சொல்லல."

"இப்ப எப்படி இருக்காக?"

"நல்லா இருக்கா. வேலைக்குப் போறா."

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் விழவில்லை என்றாள். கையைக் கணவர்தான் முறுக்கியிருக்கிறார். இன்று வீட்டுக்குப் போகப் பயமா என்று கேட்டோம். இன்றைக்கு இல்லை என்றாள். உதவி எண்ணை மனப்பாடம் செய்துகொண்டாள். எழுந்தபோது, "அடுத்த வியாழன் கட்டு மாத்த வாரேன். இந்தப் பிள்ள இருக்குமா?" என்றாள்.

"நான் பேசுனது தப்பா மேடம்?" என்று ஸ்டெல்லா பிறகு கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன். அக்காவைப் பற்றிச் சொன்னதாலா, அக்கா நன்றாக இருக்கிறாள் என்றதாலா, எதனால் அந்தப் பெண் வாய் திறந்தாள்?

அடுத்த வியாழனும் ஸ்டெல்லாவையே அங்கு போட்டுவிட்டேன்.

ஸ்டெல்லாவின் அக்கா நிஜமாகவே நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் நான் கேட்கவில்லை.