மைக் இறங்கும் நேரம்

மாப்பிள்ளை,

வேடசந்தூர்ப் பக்கத்து நூல்மில்லில் இன்று சாயங்காலம் ஆயுதபூஜைக் கச்சேரி. மேடையில் புகை மெஷினைப் போட்டார்கள். சர்க்கரைப் பாகு அடிப்பிடித்தது போன்ற அந்த வாடை மூக்கில் ஏறியதும் கேமராவைத் தூக்கிவிட்டேன். புகை விலகினால் நீங்கள் நிற்பீர்கள் என்று இந்த மண்டை இன்னும் நம்புகிறது. விலகியது. வேறொருவர் நின்றார். நல்ல மனிதர், நன்றாகவும் பாடுகிறார். அதுதான் எரிச்சல்.

நான் கேமரா தூக்கிய வரலாற்றை வருங்காலம் கல்வெட்டில் வெட்டும். தொடங்கிவைத்தவள் என் தங்கச்சி, அதாவது உங்கள் வீட்டம்மா. உங்கள் கச்சேரிப் படங்களைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு ஒருநாள் புலம்பினாள்.

"இத்தன வருசமாப் பாடுறாரு, சுவத்துல மாட்ட ஒரு படம் தேறலண்ணே. எல்லாத்துலயும் மைக்குதான் இருக்கு. மனுசன் மூஞ்சியக் காணோம்."

"நான் எடுத்துத் தாரேன்" என்றேன். யாரோ உபயோகித்துச் சலித்த கேமரா ஒன்று கைக்கு வந்தது. அன்றைக்கே உலகத்துப் படக்காரர்கள் எல்லாம் கடையைப் பூட்டிவிட்டு வெங்காயம் நடப் போயிருக்க வேண்டும். ஏனோ ஒருவரும் போகவில்லை.

முதல் கச்சேரியில் ஃபிளாஷ் அடித்தேன். கண் கூசி, சரணத்தில் ஒரு வரியை விழுங்கினீர்கள். அதோடு ஃபிளாஷுக்குத் தடை. ஃபிளாஷ் இல்லாவிட்டால் அந்த அரை வெளிச்சத்தில் கை லேசாக நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். என் பேரறிவு ஒரு வழி சொன்னது. மேடையோரம் ஆள் உயரத்துக்கு நின்ற ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கேமராவை ஊன்றிக்கொண்டேன். ஸ்பீக்கர் அதிர, கேமரா அதிர, நான் அதிர, திண்டுக்கல் மலைக்கோட்டையே ஒரு சாண் நகர்ந்தது. படத்தில் உங்களுக்கு நாலு தலை.

"ராவணனுக்கு இன்னும் ஆறுதான் பாக்கி மச்சான்" என்றீர்கள்.

அப்புறம் சிவப்பு லைட்டில் எடுத்தேன், ஒட்டன்சத்திரம் சந்தைத் தக்காளி ஒன்று கோட்டு போட்டுக்கொண்டு பாடுவதாக விழுந்தது. ஆடுகிற கூட்டத்தின் முழங்கைகளை எல்லாம் விலாவில் வாங்கிக்கொண்டு எடுத்தேன். நடுங்காமல் விழுந்த படங்களில் பழையபடி மைக். உங்கள் முகம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு உருண்டை, அதன் மேலே இரண்டு கண்.

நீங்கள்தான் நோயைக் கண்டுபிடித்தீர்கள். "பாட்டு உச்சத்துக்குப் போறப்ப நீங்களும் கெறங்கிப்போயி அமுக்குறீங்க. அப்பத்தான் மைக்க வாயோட ஒட்டி வச்சிருப்பேன். நான் பாடுறப்ப எடுக்காதீங்க மச்சான். மூச்சு வாங்குறப்ப எடுங்க."

அதற்குப் பாட்டு தெரிய வேண்டுமே. என் காதுகளோ சங்கீதத்துக்கு எதிராகச் சத்தியம் செய்து பிறந்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டு ஹாலில் பாடம் நடந்தது. குழம்புக் கரண்டியை மைக்காகப் பிடித்து நீங்கள் பாடுவீர்கள், நான் எதிரே நின்று அமுக்குவேன். பல்லவி முடியும், வாயாலேயே புல்லாங்குழல் வாசிப்பீர்கள், கரண்டி நெஞ்சுக்கு இறங்கும், பக்கத்தில் இல்லாத தபேலாக்காரரைப் பார்த்து அரைச் சிரிப்பு சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு நூல் முந்தி அமுக்க வேண்டும், ஏனென்றால் என் கேமரா சோம்பேறி.

"அந்தக் கரண்டியக் குடுத்தாத்தான் இன்னிக்கு வெஞ்சனம்" என்று அடுப்படியிலிருந்து தங்கச்சி கத்துவாள்.

"செத்த இரு, சரணம் பாக்கி" என்பீர்கள்.

கீரனூர்க் கோயில் கச்சேரியில் விழுந்தது அந்தப் படம். இறங்கிய மைக், முழு முகம், அரைச் சிரிப்பு. ஃபிரேம் போட்டு நானே ஆணி அடித்தேன்.

"உசுரோட இருக்கவன ஆணியில தொங்க விடுறீங்களே மச்சான்" என்றீர்கள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

தை பிறந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. படம் தேடுகிற வேலை யாருக்கும் இருக்கவில்லை, அது மாட்டிய இடத்திலேயே இருந்தது. சொந்தக்காரர்கள் தடியாக ஒரு ரோஜா மாலை போட்டார்கள். தங்கச்சி எழுந்துபோய்க் கழற்றினாள்.

"கைய மறைக்குதுண்ணே. மைக்க எறக்குனது தெரியணும்."

இப்போது ஃபிரேமின் மேல் ஒரு முழம் மல்லிகை மட்டும். ஞாயிற்றுக்கிழமை போனால் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன். உலகை உலுக்கும் பொய் ஒன்று சொல்வேன், அவள் மரியாதைக்குச் சிரிப்பாள். கரண்டி அடுப்படியிலேயே கிடக்கிறது. சோறு நேரத்துக்கு வந்துவிடுகிறது.

இன்றைக்குப் பாடியவர் மேடை ஏறுமுன் என்னிடம் வந்தார். "வீட்ல மாட்ட ஒரு நல்ல படம் எடுத்துக் குடுங்கண்ணே." ஒத்துக்கொண்டேன். அவர் பாடியது உங்கள் பாட்டு. ஆனால் குழல் வரும்போது அவர் மைக்கை இறக்குவதில்லை, கூடவே முனகுகிறார். அவர் மூச்சு வாங்குகிற இடம் வேறெங்கோ இருக்கிறது. நடுவில் இறங்கி வந்து கேமராவில் பார்த்தார்.

"மூஞ்சியே தெரியலையேண்ணே."

"அடுத்த பாட்டுல பாப்போம் தம்பி."

அடுத்ததும் நீங்கள் பாடுகிற பாட்டுதான். இந்தத் தடவை அவரைப் பார்த்தே எடுப்பதென்று கண்ணை மேடையிலேயே ஊன்றியிருந்தேன். பல்லவி முடிந்தது. குழல் எழுந்தது. மைக் அவர் வாயோடு ஒட்டியிருந்தது, நன்றாகத் தெரிந்தது. உங்கள் சிரிப்புக்கு ஒரு நூல் முந்தி, என் விரல் அமுக்கியது.