ஒரே உயரத்தில் கம்புகள்

தம்பிக்கு,

நீ விட்டுப்போன கோழிகள் நலம். கூடு சின்னதென்று உனக்கே தெரியும். காசு செலவழிக்காமல் பழைய ஏணியை அறுத்து, அவை உட்காரக் கம்புகளைப் படிக்கட்டு மாதிரி வைத்தேன். எல்லாம் உச்சிக் கம்புக்கே அடித்துக்கொண்டன. உன் மனைவி வளர்த்த கறுப்புக் கோழி தரையில் ஒடுங்கிக்கொண்டது.

"எல்லாத்தையும் ஒரே உயரத்துல வைங்க" என்றாள் உன் அண்ணி. வைத்தேன். இடத்தை அடைத்த தீவனத் தகரத்தையும் கூரையில் தொங்கவிட்டேன். இப்போது ஒட்டி உட்கார்ந்து தூங்குகின்றன, கறுப்பும்தான்.

"வீடு பத்தாதுன்னு தம்பிய அனுப்பின ஆளுக்கு, கோழிக்கு மட்டும் எப்படி இடம் கிடைச்சுது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

வேறென்ன எழுத. மாடி அறையில் அடைத்திருந்த என் பலகைகளையெல்லாம் இறக்கிவிட்டேன். இரண்டு கட்டில் தாராளமாகப் போடலாம். அளந்து பார்த்தேன்.

உன் அண்ணன்