முனியாண்டி வளைவில் நிற்காத கார்

மச்சான்,

நம் காரிலிருந்து கழற்றிய இக்னிஷன் காயிலைத் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கார் சூடேறினால் அதிலிருந்து தார் வாடை வருகிறது. ஒரு கைக்குள் அடங்கும் தகர டப்பா. தூக்கி எறியவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

ஏற்றம் ஏறி முனியாண்டி கோயில் வளைவுக்கு வந்ததும் கார் ஏன் நிற்கிறது என்று எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டோம்! பெட்ரோல் பம்பை மாற்றினோம், கார்புரேட்டரைக் கழுவினோம். ஹட்டனில் கராஜுக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளையாக ஓடும். "கராஜ்காரனுக்கு என்னா தெரியும் மச்சான், இது சாமி வேல" என்று நீதான் தீர்ப்புச் சொன்னாய். அதற்குப் பிறகு அங்கே நின்றால் கற்பூரம் ஏற்றி, முனிக்கு ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கல்லில் வைப்போம். சுருட்டு எரிந்து தீர்ந்ததும் சாவியைத் திருப்பினால் ஒரே அடியில் ஸ்டார்ட். நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாய். எனக்கும் நம்பிக்கைதான்.

போன பங்குனியில் உனக்கு நெஞ்சு வலித்த அன்றைக்கும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஏற்றத்தில்தான் ஏறினோம். வளைவில் நின்றது. பின் சீட்டில் என் தங்கச்சி மடியில் நீ கிடந்தாய். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் ஒரு வண்டி இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

"சுருட்ட வையி மச்சான், கெளம்பிரும்" என்றாய்.

வைத்தேன். கும்பிட்டுக்கொண்டே நின்றேன். எரிந்து தீர்ந்ததும் கார் வழக்கம்போலக் கிளம்பியது. அதற்குள் நீ போய்விட்டாய்.

அப்புறம் கார் பல மாதம் நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. போன வாரம் ஹட்டனில் ஒரு புது மெக்கானிக் பாஸ், கராஜில் வைத்துப் பார்த்தால் சரிவராது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றத்துக்கே வந்தார். நின்றதும் பானட்டைத் திறந்து காயிலைத் தொட்டவர் கையை உதறினார். சூடேறினால் இது வேலை செய்யாது, ஆறினால் சரியாகிவிடும் என்று பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் விளக்கினார். சுருட்டு எரியும் நேரத்தில் அது தானாக ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு துணியை நனைத்துக் காயிலில் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆனது. நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன் மச்சான். கோயிலை ஒட்டிப் பீலிக் குழாயில் மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் கொட்டியது. அந்தத் தண்ணீரில் கை கால் கழுவிவிட்டுத்தான் கற்பூரம் ஏற்றினேன்.

நேற்று தங்கச்சியை ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். புதுக் காயில் போட்ட கார் வளைவை நிற்காமல் கடந்தது. அவள் திரும்பிக் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"பாத்தீங்களாண்ணே, இப்ப நிக்கவே மாட்டேங்குது. அவர எடுத்துக்கிட்டதோட சாமிக்குக் கோவம் தணிஞ்சிருச்சு."

நீ போன பிறகு அவள் முகத்தில் நேற்றுத்தான் கொஞ்சம் நிம்மதியைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.

இனி நான் சாகும்வரை அவளிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.