அவர் ஏற்றும் விளக்கு

12.8.1996, திங்கள்

வண்ணார்பேட்டையில் ஸ்கேன் எடுத்தாயிற்று. கர்ப்பப்பையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு தசைக்கட்டி இருக்கிறதாம். "பயப்படாதிய, இது புத்து இல்ல. நெறைய பேருக்கு உண்டும். அதனாலதான் இவ்வளவு ரத்தப்போக்கு" என்றார் டாக்டரம்மா. நான் உடம்புச்சூடு என்று வெந்தயம் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டியைப் பார்க்க ஆசையாக இருந்தது. திரையில் காட்டச் சொன்னேன். மழைமேகம் மாதிரி ஏதோ தெரிந்தது.

எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். மாதம் நினைவில்லை. "எங்க வீட்டுல அவுக சாமிவிளக்கு ஏத்த ஆரம்பிச்சதுல இருந்து" என்றேன். சிரித்துவிட்டார். வீட்டுக்குத் தூரமான நாட்களில் நான் பூஜையறைக்குள் போவதில்லை. முன்பெல்லாம் மாதத்தில் மூன்று நாள்தான் என் வீட்டுக்காரர் விளக்கேற்றுவார். இப்போது பாதி மாதம் அவர்தான்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது எதிர்வீட்டு அண்ணாச்சி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். போன வாரமும் அவர்தான் போட்டார். அவர் மனைவி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மதினி, முகம் வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டேன்.

"சூடுதாம்ட்டி. வெந்தயம் குடிக்கேன்" என்றாள்.

நாளைக்கு அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக வேண்டும். இந்தத் தெருவில் இன்னும் எத்தனை வீட்டில் ஆம்பளைகள் விளக்கேற்றுகிறார்கள்?