தலை தீபாவளியும் உங்கள் மகளின் பிடிவாதமும்

பிரியமுள்ள மாமா,

எங்கே இருந்தாலும் வெற்றிலையை மென்றுகொண்டு, யார் பேச்சையும் காதில் வாங்காமல்தான் இருப்பீர்கள். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் எதிரில் நின்று ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இன்றைக்குப் பேசப்போகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

நீங்கள் போய் இரண்டு வருடம் கழித்து கொரோனா என்று ஒன்று வந்தது. பஸ் ஓடவில்லை. கண்டக்டர் பையை ஆணியில் மாட்டிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் செல்வி பழைய புடவைகளைக் கிழித்துத் தெருவுக்கே மாஸ்க் தைத்துக் கொடுத்தாள். அந்த வருடம் ஆவணியில்தான் உங்கள் பேத்தி அபிக்கு இருபது பேரை வைத்துக் கல்யாணத்தை முடித்தோம். மாப்பிள்ளை தினேஷ், சிறுவாச்சூர்ப் பக்கம்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து உங்கள் மகள் என்னிடம் சொன்னாள்: "ஏங்க, மார்ல ஒரு கட்டி இருக்கு. வைகாசியிலேருந்து இருக்கு."

வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. விரல் விட்டு எண்ணினேன். "ஏன்டி சொல்லல?" என்றேன். "கல்யாணம் நின்னு போயிருமே" என்றாள். கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன் என்பதுபோல் சொன்னாள் மாமா.

தஞ்சாவூரில் பார்த்தார்கள். புற்றுநோய்தான். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகு ஆபரேஷன் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ. ஒவ்வொரு முறையும் கொரோனா டெஸ்ட். கூட ஒரே ஒரு ஆள்தான். அந்த ஒரே ஆள் நான். வாந்திக்குப் பாத்திரம் பிடித்தேன், குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன், உப்பு போதவில்லை என்று திட்டும் வாங்கினேன். முடி கொத்துக் கொத்தாக வந்தபோது நான்தான் முடி வெட்டும் மெஷினை வைத்து மழித்துவிட்டேன். அவள் அழவில்லை. "காதுகிட்ட பாத்துங்க" என்றாள், அவ்வளவுதான்.

அதைவிட என்னைப் பாடாய்ப் படுத்தியது வேறு. அபிக்குத் தெரியக்கூடாதாம், சம்பந்தி வீட்டுக்குத் தெரியவே கூடாதாம். "புதுப்பொண்ணு, போன எடத்துல உக்காந்து அழுவும். அவுங்க என்ன நெனப்பாங்க?" வீடியோ கால் வந்தால் தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்வாள். கேட்டால் சளி, சைனஸ். பொய்யைப் பாதுகாக்கும் வேலையும் எனக்குத்தான்.

அதற்குள் தீபாவளி வந்துவிட்டது. அபிக்குத் தலை தீபாவளி. செல்விக்கு வெள்ளை அணு குறைந்து கிடக்கிறது, யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "காய்ச்சல் நூறைத் தாண்டுனா ஒரு நிமிஷம்கூட வூட்டுல வச்சிருக்காதீங்க" என்றும் சொல்லியிருந்தார். உங்கள் மகளோ அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டாள்.

"அடுத்த வருசம் கொண்டாடிக்கலாம்டி."

"தலை தீவாளி அடுத்த வருசம் வருமா? வரச்சொல்லியாச்சு, நீங்க சும்மா இருங்க."

எத்தனை சண்டை! கடைசியில், காலையில் வந்து, எண்ணெய் வைத்துக்கொண்டு, வாசல் வராண்டாவில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று முடிவானது. அதிரசம் நான்தான் சுட்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள். பாதி உடைந்தது, பாதி கருகியது.

தீபாவளி அன்று விடிந்ததும் காபி கொண்டுபோனேன். டம்ளரை வாங்கிய கை கொதித்தது. "வெந்நீர்ல குளிச்சேன், அதான்" என்றாள். தெர்மாமீட்டரைக் காணோம். தேடியபோது தையல் மிஷின் டிராயரில், நூல் பாபின்களுக்கு அடியில் இருந்தது. ஒளித்து வைத்திருக்கிறாள் மாமா! வாயில் வைத்தேன். நூற்றி இரண்டு.

"அவுங்க இப்ப வந்துருவாங்க. சாப்பாடு போட்டுட்டுப் போலாங்க. ஒன்னுமில்ல."

கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பப் போனால் அவர் ஊரில் இல்லை. ஆட்டோவாவது கிடைக்குமா என்று, திரும்பி வந்து அவளைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுவந்தேன். சரியாக அப்போது அபியும் தினேஷும் காரில் வந்து இறங்கினார்கள். புதுப் புடவை, கையில் பூ. செல்வி நிற்க முடியாமல் என் மேல் சாய்ந்தாள். முந்தானை நழுவியது.

அபி பூவைக் கீழே போட்டுவிட்டாள். "அம்மா... முடி எங்கம்மா?"

தினேஷை நான் ஊமை என்றுதான் நினைத்திருந்தேன், எப்போதும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை. அவர்தான் காரின் பின் கதவைத் திறந்தார். "மாமா, ஏறுங்க. எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

திருமானூரைத் தாண்டும்போது செல்வி கண் திறந்து உங்கள் கரும்புக்காட்டுப் பக்கம் பார்த்தாள். கொள்ளிடம் பாலம் வந்தபோது நினைவில்லாமல் ஏதேதோ பேசினாள். அபி வழி நெடுக அழுதாள்.

ஆஸ்பத்திரியில் கொரோனா டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை வார்டுக்குள் விடமாட்டோம் என்றார்கள். வாசலில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். நல்லவேளையாக ஒரு நர்ஸம்மா அங்கேயே ஊசியைக் குத்தி மருந்தை ஏற்றிவிட்டார். மதியம்வரை அந்தத் தகரத்தின் அடியில் கிடந்தோம். வெளியே வெடிச்சத்தம்.

இதற்கு நடுவில் சம்பந்தியம்மா போன். "எண்ணெ வச்சாச்சாண்ணே? மாப்புள சாப்டாரா?" எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். பதிலுக்கு அவரும் கத்தினார்: "ஏண்ணே, நான் என்ன பேயா? சொன்னா பொண்ணத் திருப்பி அனுப்பிருவமா? மூணு மாசமா ஒத்த ஆளா கெடந்தீங்களா? மொதல்ல அண்ணிய பாருங்க, நாங்க கெளம்பி வரோம்."

போனை வைத்ததும், மருந்து ஏறி நினைவு தெளிந்திருந்த செல்வி கேட்டாள்: "மாப்ள சாப்ட்டாரா?"

அங்கேதான் நான் தவறிவிட்டேன் மாமா. கொட்டகையில் இருந்த அத்தனை பேர் முன்னால் கத்தினேன்: "ஒங்கப்பன் மாதிரியே மறைச்சு மறைச்சு நீயும் செத்துத் தொலையப் போறியா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அப்பா மறைக்கல. எங்கிட்ட சொன்னாரு."

நெஞ்சு வலிக்கிறது என்று, நீங்கள் போவதற்கு நான்கு நாளைக்கு முன்பே அவளுக்குப் போன் செய்தீர்களாம். சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்திருக்கிறது, வெட்டு முடியட்டும் என்றீர்களாம். "மாப்ளகிட்ட சொல்லிராத, தூக்கிட்டுப் போயிருவாரு" என்று சத்தியம் வாங்கினீர்களாம். அவளும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் நீங்கள் வரப்பில் விழுந்து கிடந்தீர்கள்.

"நான் வாயத் தொறந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்றாள். அவள் உடம்பு நடுங்கியது. காய்ச்சலா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நான் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்தான். அதில் என்ன குறைந்துபோயிருக்கும்? கரும்பை வேறொருவர் வெட்டியிருக்க மாட்டாரா? அவள் கட்டியை மறைத்தது கல்யாணத்துக்காக மட்டும்தானா, இல்லை உங்களுக்காகத் தனக்கே கொடுத்துக்கொண்ட தண்டனையா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்து உள்ளே சேர்த்தார்கள். ஒன்பது நாளில் காய்ச்சல் இறங்கியது. கீமோ முடிந்து, தையில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நாட்களில் சம்பந்தியம்மாவே கூட இருந்து பார்த்துக்கொண்டார். இப்போது இரண்டு பேரும் ஒரே கட்சி, நான் எதிர்க்கட்சி. செல்விக்கு முடி சுருட்டை சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. நீங்கள் இருந்தால் அடையாளம் தெரியாமல் விழிப்பீர்கள். அபிக்கு ஒரு பெண் குழந்தை. அதுவும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

வருடா வருடம் செக்கப் இருக்கிறது. இந்த வருடம் அது உங்கள் திதி அன்றே விழுந்திருக்கிறது. "அப்பாவுக்குப் படைக்காம எங்கேயும் வரமாட்டேன், தேதிய மாத்துங்க" என்று நேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். தேதியை மாற்றப்போவதில்லை மாமா. முதலில் தஞ்சாவூர், டாக்டரம்மா. அடுத்த நாள் அவளோடு திருமழபாடி போய்க் கொள்ளிடத்தில் முழுகி உங்களுக்குச் செய்ய வேண்டியதை நானே செய்கிறேன், இது சத்தியம். ஒரு நாள் பசியோடு காத்திருங்கள். அங்கே வைத்து, உங்கள் சாவுக்கு அவள் காரணமில்லை என்று அவள் காதுபட உரக்கச் சொல்வேன். உங்கள் சார்பாகத்தான் சொல்வேன். மறுத்துப் பேசாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டிய மாப்பிள்ளை,
ராஜேந்திரன், அரியலூர்.