பண்ணையார் வயல்

அன்புள்ள அப்பாவுக்கு அம்சவல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் தேவலையா?

கனடாப் பிள்ளைகளுக்கு இப்போது இங்கிலீஷ் வகுப்பில், இந்த மண்ணின் பூர்வகுடிகள் இன்று எழுதும் கதைகளை நடத்துகிறேன். நேற்று அவர்களுடைய ரேடியோ நாடகம் ஒன்றைக் கேட்டோம். பறிபோன நிலத்தில் செத்தவர்கள் திரும்பி வந்து, தங்கள் பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள். நாடகம் முடிந்ததும் அந்தக் குடியில் பிறந்த ரோஸ் என்ற மாணவி, "டீச்சர், ஊர்ல உங்க நெல்வயல் யாரோட நிலம்?" என்று கேட்டாள். வாய் தானாக, "பண்ணையார் வயல்" என்றது. பட்டா நம் பெயருக்கு வந்த பிறகும் வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம்.

அந்த வயலில் கூலி உயர்வு கேட்டு நின்று வெட்டுப்பட்டுச் செத்த ஐயாவு அண்ணன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. இன்றைக்கும் அந்தப் பெஞ்சில் யாரையும் உட்காரச் சொல்ல மனம் வரவில்லை. கவலைப்படாதீர்கள், நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். பள்ளி மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். இனிமேல் மடை திறக்கக் கிளம்பும்போது, "ஐயாவு வயலுக்குப் போயிட்டு வர்றேன்" என்று அம்மாவிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போங்கள் அப்பா.